டெக் வாஷ்: ஒரு பம்ப், ரெண்டு வேலை

திருக்கடையூர் என்றால் அறுபதாம் கல்யாணம். அதற்கு மேல் அறிமுகம் தேவையில்லை. மார்க்கண்டேயன், எமன், அபிராமி என்று கதை எல்லோருக்கும் மனப்பாடம். மணிவிழாவோ சதாபிஷேகமோ, எதுவானாலும் முக்கியமான கட்டம் ஒன்றுதான். வரிசையாக வைத்திருக்கும் கலசத் தண்ணீரை எடுத்து மாலையோடு உட்கார்ந்திருக்கும் தாத்தா பாட்டி தலையில் ஊற்றுவார்கள். பேரன் பேத்திகள் சுற்றி நின்று போட்டோ எடுப்பார்கள்.

அதே ஊரில் இன்னொரு வழக்கம் உண்டு. வெளியூரிலிருந்து வருகிறவர்கள் பெரும்பாலும் கவனிப்பதில்லை. அமிர்தகடேஸ்வரர் அபிஷேகத்துக்கான தண்ணீர் கோயிலுக்குள் இருக்கும் குளத்திலிருந்து வருவதில்லை. பக்கத்தில் இருக்கும் கடவூர் மயானம் கோயில் கிணற்றிலிருந்துதான் கொண்டு வருகிறார்கள். வாசலிலேயே தண்ணீர் இருக்கும்போது எதற்கு அங்கே போய் எடுத்து வரவேண்டும் என்று யாரும் கேட்பதில்லை. கழுவுகிற தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்பது முக்கியம் என்று அந்த ஊருக்கு எப்போதோ தெரிந்திருக்கிறது.

இப்போது அங்கிருந்து கிழக்கே சில கிலோமீட்டர் போனால் கடல். சின்னங்குடி, பிள்ளைப்பெருமாள்நல்லூர், தாழம்பேட்டை, இன்னும் தெற்கே தரங்கம்பாடி என்று வரிசையாக மீனவ ஊர்கள். அங்கே கரைக்கு வரும் ஃபைபர் படகுகளைக் கழுவுகிற தண்ணீர் எங்கிருந்து வருகிறது? படகு எங்கே நிற்கிறதோ அங்கிருந்து! ஒரு வாளி, ஒரு கயிறு, அவ்வளவுதான்.

இந்தக் கட்டுரை அந்த வாளியைப் பற்றியது.

வெளிநாட்டில் சின்னப் படகு வைத்திருப்பவர்கள் "டெக் வாஷ்" என்று ஒன்றைப் பொருத்திக் கொள்கிறார்கள். கடல் தண்ணீரை ஒரு சின்ன பம்ப் உறிஞ்சும், குழாய் வழியாகத் தளத்தின் மேல் அடிக்கும். மீனின் ரத்தம், செதில், வழுவழுப்பு, தூண்டிலில் வைத்த இரையின் மிச்சம் எல்லாம் காய்வதற்கு முன்பே கழுவிப் போய்விடும். கேட்க ஆடம்பரமாகத் தெரியலாம். பொழுதுபோக்குக்கு மீன் பிடிப்பவனுக்கு அது ஆடம்பரம்தான், சந்தேகமில்லை. பிழைப்புக்கு மீன் பிடிப்பவனுக்கு அது வேறு விஷயம். ஆனால் அவனிடம்தான் அது இல்லை. ஏன் இல்லை என்பதற்குக் காரணம் விலை மட்டும் என்று சொன்னால் பாதிதான் சரி.

முதலில் ஒரு சின்ன ஃப்ளாஷ்பேக். கட்டுமரத்துக்கு டெக் வாஷ் தேவையே இருந்ததில்லை. மரங்களைச் சேர்த்துக் கட்டிய மிதவை அது. அலை மேலே ஏறும், இடுக்கு வழியாக இறங்கிப் போகும். கடலே ஒரு நாளைக்கு ஆயிரம் முறை கழுவிக் கொடுத்தது. உள்ளே தண்ணீர் தேங்குவது என்ற பேச்சே கிடையாது, ஏனென்றால் "உள்ளே" என்ற ஒன்றே கிடையாது. 2004 டிசம்பர் 26 சுனாமியில் தமிழ்நாட்டில் மிக மோசமாக அடிபட்டது அன்றைய நாகப்பட்டினம் மாவட்டம். ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட உயிர்கள் போயின. (மயிலாடுதுறை தனி மாவட்டம் ஆனது 2020-ல்தான். தரங்கம்பாடி, திருக்கடையூர் எல்லாம் அப்போது நாகைக்குள்தான்.) அதற்குப் பிறகு அரசும் தொண்டு நிறுவனங்களும் கொடுத்த நிவாரணத்தில் பெரும் பகுதி ஃபைபர் படகாக வந்தது. ஏற்கெனவே நடந்துகொண்டிருந்த மாற்றம்தான், சுனாமி அதை ஒரே தள்ளாகத் தள்ளிவிட்டது. கட்டுமரம் ஓரத்துக்குப் போனது.

ஃபைபர் படகு வேகமானது, கொள்ளளவு அதிகம், என்ஜின் மாட்டலாம். ஆனால் அது ஒரு தொட்டி. உள்ளே விழுந்தது உள்ளேயே கிடக்கும். மீன் ரத்தம், உடைந்த நண்டுக்கால், சிந்திய டீசல், மேலே தெறித்த அலை எல்லாம் சேர்ந்து அடியில் ஒரு குழம்பாகத் தேங்கும். தஞ்சை ஜில்லா வெயிலில் அந்தக் குழம்பு நாலு மணி நேரம் கிடந்தால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. கட்டுமரத்துக்குப் பதிலாகப் புதுப் படகு கொடுத்தவர்கள், கட்டுமரம் இலவசமாகச் செய்துகொண்டிருந்த அந்த வேலைக்குப் பதிலாக எதையும் கொடுக்கவில்லை.

சரி, நாறினால் என்ன? மீன் என்றால் நாறத்தான் செய்யும் என்று ஒரு கேள்வி வரும். நியாயமான கேள்வி.

மீன் கெடுவதற்குக் காரணம் பாக்டீரியாவும் மீனுக்குள்ளேயே இருக்கும் நொதிகளும். இப்போதுதான் செத்த நல்ல மீனின் சதைக்குள் பாக்டீரியா கிட்டத்தட்ட இருக்காது. தோல், செவுள், குடல் இந்த மூன்று இடத்தில்தான் இருக்கும். நேற்றைய ரத்தம் காய்ந்து கிடக்கும் தளத்தில் இன்றைய மீனைக் கொட்டினால், நேற்று வளர்ந்த கூட்டம் முழுவதும் இன்றைய மீனின் தோலுக்குக் குடிபெயர்கிறது. வெறுமனே வளைந்து கொடுக்கும் ஃபைபர் தளம் புதிதாக இருக்கும்போது கண்ணாடி மாதிரி வழவழப்பு. நங்கூரமும் வலையின் ஈயக்குண்டும் உரசி உரசிக் கீறல் விழுந்த பிறகு அந்தக் கீறல்தான் அவற்றின் வீடு. ரத்தமும் வழுவழுப்பும் ஈரமாக இருக்கும்போது தண்ணீர் பட்டாலே போய்விடும். காய்ந்த பிறகு பிரஷ் வைத்துத் தேய்க்கவேண்டும். கரைக்கு வந்து, ஏலம் முடிந்து, டீக்குடித்துவிட்டுத் திரும்பி வந்து தேய்க்க யாருக்கும் உடம்பில் தெம்பு இருக்காது.

இதில் நஷ்டப்படுவது யார்? இங்கேதான் பி.காம். படிக்கிறவர்கள் கொஞ்சம் நிமிர்ந்து உட்காரவேண்டும். கரையில் ஏலம் நடக்கிறது. மீன் பளபளவென்றுதான் இருக்கும், படகு அழுக்கா சுத்தமா என்று யாரும் எட்டிப் பார்ப்பதில்லை. ஏல விலையைத் தீர்மானிப்பது மீனின் ரகம், அளவு, அன்றைக்கு எத்தனை படகு வந்தது என்பதுதான். சுத்தமான படகு வைத்திருப்பவருக்கு ஒரு ரூபாய்கூடக் கூடுதலாகக் கிடைக்காது. அங்கே மீனை எடுத்து, கூடையில் வைத்து, மயிலாடுதுறைக்கும் பொறையாறுக்கும் தெருத்தெருவாகக் கொண்டு போய் விற்கும் அம்மாக்கள் இருக்கிறார்களே, அவர்கள் கையில்தான் மத்தியானம் பன்னிரண்டு மணிக்கு அந்த மீன் கண் கலங்கிப் போகிறது. காலையில் நல்ல விலைக்கு எடுத்ததை மத்தியானம் பாதி விலைக்குத் தள்ளுவதும், மிச்சத்தைக் கருவாட்டுக்குப் போடுவதும் அவர்கள் கணக்கில்தான் ஏறும். செலவு செய்யவேண்டியவர் ஒருவர், லாபம் கிடைப்பது இன்னொருவருக்கு. அந்த இடத்தில் எந்தச் செலவும் தானாக நடக்காது. இதைப் பாடப்புத்தகத்தில் பெரிய பெயர் வைத்துப் படிக்கிறோம், சின்னங்குடியில் அதற்குப் பெயர் தேவைப்படவில்லை.

ஆகவே "டெக் வாஷ் வைத்தால் மீன் தரம் கூடும், வையுங்கள்" என்று படகுக்காரரிடம் போய்ச் சொன்னால் அவர் சிரித்துவிட்டுப் போய்விடுவார். சிரிப்பதும் சரிதான். அவருக்கே லாபமான ஒரு காரணம் வேண்டும். இருக்கிறது. அதற்கு வருவதற்கு முன் வாளியை ஒரு கை பார்த்துவிடலாம்.

வாளி மலிவு, ரிப்பேர் ஆகாது, பேட்டரி வேண்டாம். இதெல்லாம் வாளியின் புகழ். ஆனால் எப்போது கழுவுகிறார்கள் என்று பாருங்கள். வலை ஏற்றியதும் ஏலத்துக்கு ஓடவேண்டும், நின்று கழுவ நேரமில்லை. ஒன்று, ஓடிக்கொண்டிருக்கும் படகிலிருந்து வாளியை விடவேண்டும். இல்லாவிட்டால் கரைக்கு வந்த பிறகு கழுவவேண்டும். ஓடும் படகிலிருந்து வாளி விடுவது ஆபத்து. வாய் 28 சென்டிமீட்டர் அகலமுள்ள சாதாரண வாளி, விநாடிக்கு மூன்று மீட்டர் வேகத்தில் (மணிக்குப் பதினோரு கிலோமீட்டர்) போகும் படகிலிருந்து தண்ணீரில் வாயைக் காட்டினால், அது பின்னுக்கு இழுக்கும் இழுப்பு முப்பது கிலோவுக்கும் மேல். வழுக்கும் தளத்தில், ஆடும் படகில், கையில் கயிற்றைச் சுற்றிக்கொண்டு குனிந்து நிற்கும் ஆளுக்குத் திடீரென்று முப்பது கிலோ. வேகம் இரட்டித்தால் இழுப்பு நான்கு மடங்கு. வாளி போனால் பரவாயில்லை, ஆள் போகக்கூடாது.

கரைக்கு வந்து கழுவினால்? அங்கேதான் கடவூர் மயானத்துக் கிணறு ஞாபகம் வரவேண்டும். இது டெல்டாவின் கடைக்கோடி. மேட்டூரில் திறந்த தண்ணீர் வயல் வயலாகப் பாய்ந்து, உரமும் பூச்சிமருந்தும் கரைத்துக்கொண்டு, வடிகால் வழியாக இறங்குவது இந்தக் கரையில்தான். ஊர்ச் சாக்கடை இங்கேதான். இறால் பண்ணைக் கழிவு இங்கேதான். (1996-ல் ஜெகந்நாதன் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றமே கடற்கரை இறால் பண்ணைகளுக்கு எதிராகத் தீர்ப்பு சொன்னது இந்தப் பகுதி மக்களுக்கு மறந்திருக்காது.) படகுகள் நெருக்கியடித்து நிற்கும் முகத்துவாரத்தில் தண்ணீரின் மேல் டீசல் வானவில் மிதக்கும். அந்தத் தண்ணீரை வாளியில் மொண்டு மீன் வைக்கும் இடத்தில் ஊற்றினால், கழுவுகிறோம் என்று நினைத்துக்கொண்டு அழுக்கை மாற்றி வைக்கிறோம்.

ஐரோப்பிய ஒன்றியம் 2004-ல் போட்ட 853-ஆம் எண் உணவுச் சுகாதார விதியில் மீன்பிடிப் படகுக்கென்று ஒரு பகுதி இருக்கிறது. மீனுக்குப் பயன்படும் தண்ணீரைப் படகு கடலிலிருந்து எடுத்தால், எடுக்கும் வாய் அசுத்தம் கலக்காத இடத்தில் இருக்கவேண்டும் என்று அதில் இருக்கிறது. நம் இறாலும் கணவாயும் அங்கேயும் போகிறதால் இது வெறும் வெள்ளைக்காரன் சட்டம் என்று தள்ளிவிட முடியாது.

சரி, மேட்டருக்கு வருவோம். கழுவ வேண்டியது ஆழ்கடலில், வலை ஏற்றி முடித்த கையோடு, ரத்தம் காய்வதற்கு முன்பு. ஐந்து நிமிடத்தில் முடியவேண்டும். குனியக்கூடாது. அதற்கு பம்ப்தான் வழி.

கடையில் கிடைக்கும் வெளிநாட்டு செட்டை வாங்கி மாட்டலாமா? அதன் விலை ஒரு பக்கம் இருக்கட்டும், வடிவமைப்பே நமக்கு ஒத்துவராது. அது படகின் அடியில், நீர்மட்டத்துக்குக் கீழே ஓட்டை போட்டு வால்வு வைக்கும் முறை. படித்துறையில் கட்டிக்கிடக்கும் படகுக்குச் சரி. நம் படகு அலையில் ஏறி வந்து மணலில் மோதி நிற்கும், டிராக்டர் வைத்து மேலே இழுப்பார்கள். அடியில் நீட்டிக்கொண்டிருக்கும் எதுவும் ஒரு வாரம் தாங்காது. நீர்மட்டத்துக்குக் கீழே போட்ட ஓட்டையில் வால்வு கழன்றால் பிறகு நடப்பதை நினைக்கவே வேண்டாம். மலிவு பார்த்து டெக் வாஷ் அமைக்கிறவர் முதலில் எடுக்கவேண்டிய முடிவு, படகில் துளை போடுவதில்லை என்பது.

துளையில்லாமல், கரண்ட்டும் இல்லாமல் ஒரு வழி உண்டா என்று சிலர் யோசிப்பார்கள். ஒரு குழாயை முன்பக்கம் பார்க்க வளைத்துத் தண்ணீருக்குள் வைத்தால், படகு ஓடும் வேகத்திலேயே தண்ணீர் மேலே ஏறாதா? ஏறும். விநாடிக்கு மூன்று மீட்டர் வேகத்தில் அரை மீட்டருக்கும் கொஞ்சம் குறைவாக ஏறும். படகின் விளிம்பைத் தாண்ட அது போதாது. அழகான யோசனை, ஆனால் பரீட்சையில் மட்டும்தான் மார்க் கிடைக்கும். :) அவுட்போர்டு என்ஜினின் பின்னால் பீச்சுகிற குளிர்விப்புத் தண்ணீரைத் திருப்பி விடலாமே என்பது இன்னொரு யோசனை. அந்த நூல் போன்ற தண்ணீர் என்ஜின் சூடேறவில்லை என்று காட்டும் அடையாளம். அதில் கை வைத்தால் பத்து ரூபாய் வேலைக்கு என்ஜினைப் பணயம் வைக்கிறோம்.

நடைமுறைக்கு உதவுவது இது. "பில்ஜ் பம்ப்" என்று கேட்டால் கிடைக்கும், 12 வோல்ட், தண்ணீரில் மூழ்கி வேலை செய்யும் சின்ன பம்ப். படகுக்குள் தேங்கும் தண்ணீரை இறைப்பதற்காகச் செய்தது. மணிக்கு 500 காலன் என்று பெட்டியில் போட்டிருக்கும். அதாவது நிமிடத்துக்கு 31 லிட்டர். அது தண்ணீரை மேலே தூக்காமல் படுக்கையாகத் தள்ளும்போது கிடைக்கும் கணக்கு. விளிம்புக்கு மேலே ஒரு மீட்டர் தூக்கினால் நன்றாகவே குறையும். இருபது லிட்டர் வந்தால் திருப்திப்படலாம். விளம்பர எண்ணை அப்படியே நம்பக்கூடாது என்பது மொபைல் பேட்டரி வாங்கின எல்லோருக்கும் தெரிந்ததுதானே!

இந்த பம்ப்பை நாலு அங்குல பிவிசி பைப்புக்குள் இறக்கவேண்டும். பைப்பின் நீளம் படகின் விளிம்பிலிருந்து தண்ணீருக்குள் ஒரு முழம் போகும் அளவு. அடிப்பக்கம் முழுக்கத் துளைகள், அதன் மேல் நைலான் வலைத்துண்டு ஒன்றைச் சுற்றிக் கட்டிவிடலாம். வலைத்துண்டுக்கா இவர்களிடம் பஞ்சம்! மேல்பக்கம் ஒரு கொக்கி, படகின் விளிம்பில் மாட்டிக்கொள்ள. கூடவே ஒரு கயிறு, கொக்கி கழன்றாலும் கையைவிட்டுப் போகாமல் இருக்க. பம்ப்பின் வாயிலிருந்து முக்கால் அங்குல ஹோஸ் மேலே வந்து இரண்டரை, மூன்று மீட்டர் நீளும். முடிந்தது. வேலை முடிந்ததும் மொத்தத்தையும் தூக்கி உள்ளே போட்டுவிடலாம், கரை ஏறும்போது வெளியே எதுவும் தொங்காது. படகு ஓடும்போது மட்டும் இறக்கவே கூடாது. வாளிக்குச் சொன்ன அதே இழுப்புக் கணக்கு பைப்புக்கும் உண்டு.

ஹோஸின் முனையைக் கட்டைவிரலால் அழுத்தித் தண்ணீரைப் பீச்ச முயல்வது எல்லோருக்கும் கை வந்த பழக்கம். இந்த பம்ப்பில் அது பலிக்காது. விசிறி சுற்றித் தள்ளுகிற ரகம் என்பதால் அழுத்தம் கம்மி, முனையை அடைத்தால் தண்ணீர் குறையுமே தவிர வேகம் பெரிதாக ஏறாது. தாராளமாக ஓடவிட்டு, நைலான் பிரஷ்ஷால் தள்ளவேண்டும்.

அழுத்தம்தான் வேண்டும் என்றால் டெல்டாக்காரர்களுக்கு நன்றாகத் தெரிந்த ஒன்று இருக்கிறது. வயலுக்கு மருந்தடிக்கும் பேட்டரி ஸ்பிரேயருக்குள் இருக்கும் குட்டி பம்ப். அதுவும் 12 வோல்ட், தானே உறிஞ்சும், நன்றாகப் பீச்சும், மலிவு. நிமிடத்துக்குச் சில லிட்டர்தான் வரும், அது ஒரு குறை. அதைவிடப் பெரிய விஷயம், வாங்கினால் புதிதாக வாங்கவேண்டும். வீட்டில் கிடக்கும் பழைய ஸ்பிரேயரைப் பிரித்து எடுத்து மீன் வைக்கும் தளத்தில் அடிப்பது கொலைபாதகம். பூச்சிமருந்து ரப்பரிலும் பிளாஸ்டிக்கிலும் ஊறிப் போயிருக்கும், பத்துத் தடவை கழுவினாலும் நம்ப முடியாது. காசு மிச்சம் பிடிக்கும் வேலையில் எந்த இடத்தில் மிச்சம் பிடிக்கக்கூடாது என்பதற்கு இதைவிட உதாரணம் கிடைக்காது.

இப்போது அந்த லாபக் காரணத்துக்கு வரலாம். பில்ஜ் பம்ப்தான் சிறந்தது என்று சொல்வதற்குக் காரணம் அதன் இரண்டாவது வேலை. ஐந்து நிமிடம் கழுவினால் நூறு லிட்டர் தண்ணீர் படகுக்குள் வந்துவிடுகிறது. நூறு லிட்டர் என்றால் நூறு கிலோ. அதுவும் ஒரு பக்கமாக நிற்காமல் இங்குமங்கும் சளப்சளப் என்று ஓடும் நூறு கிலோ. படகு ஒருக்களிக்கும்போது தண்ணீரும் அதே பக்கம் ஓடிச் சாய்வை அதிகமாக்கும். கழுவிய தண்ணீரை வெளியேற்றாமல் விட்டால் கழுவாமல் இருந்திருக்கலாம். அப்போது என்ன செய்யவேண்டும்? வெளியே தொங்கும் பைப்பிலிருந்து அதே பம்ப்பை உருவி, உள்ளே பள்ளமான இடத்தில் வைத்து, ஹோஸை வெளியே விட்டுவிடவேண்டும். உள்ளே வந்ததை அதே பம்ப் வெளியே தள்ளும். ஒரு பம்ப், ரெண்டு வேலை.

இங்கே படகுக்காரருக்குச் சொல்வதற்கு வாய் திறக்கிறது. "அண்ணே, இது படகு கழுவுற மிஷின் இல்ல, தண்ணி இறைக்கிற மிஷின்." முகத்துவாரத்தில் ஒரு பெரிய அலை உள்ளே ஏறிவிட்டால் டப்பாவை வைத்து எத்தனை நேரம் இறைப்பது? நாலு பேரில் ஒருவர் என்ஜினில், ஒருவர் அணியத்தில், மிச்சம் இரண்டு பேர்தான் இறைக்க முடியும். பம்ப் ஓடினால் அந்த இரண்டு பேரின் கையும் காலி. உயிர் காக்கும் சாமானுக்குச் செலவு செய்ய யாரும் இவ்வளவு யோசிப்பதில்லை. பம்ப்பின் முழுச் செலவையும் அந்தக் கணக்கில் எழுதிவிட்டால், டெக் வாஷுக்கு மிஞ்சுவது ஒரு பைப், ஒரு வலைத்துண்டு, மூன்று மீட்டர் ஹோஸ்! பங்கு பிரிக்கிற முறையில் படகு உரிமையாளர் தன் பங்கிலிருந்து போடவேண்டிய செலவு என்பதால் இந்த வாதம் முக்கியம். டீசல் மாதிரி பொதுச் செலவில் கழிக்கச் சொன்னால் கூட வருகிறவர்கள் முகம் சுளிப்பார்கள்.

ஒரு சந்தேகம் வரும். உள்ளே கிடந்த குழம்பை இறைத்த பம்ப்பையே அடுத்த நாள் கழுவவும் பயன்படுத்தினால்? நல்ல சந்தேகம். கழுவத் தொடங்கும் முன் அரை நிமிடம் ஹோஸை வெளியே நீட்டி, சுத்தமான கடல் தண்ணீரை ஓடவிட்டு பம்ப்பைக் கொப்பளிக்க வைக்கவேண்டும். அடியில் டீசல் கசிந்திருந்தால் இறைப்பதற்கு முன்பே பழந்துணியால் ஒற்றி எடுத்துவிடவேண்டும். இல்லாவிட்டால் எண்ணெயும் கடலுக்குள் போகும், பம்ப்பும் நாறும். செதிலைக் கையால் அள்ளிவிடுவதும் நல்லது, பம்ப்பின் சல்லடையை அடைப்பதில் செதிலுக்கு ஈடு இணை கிடையாது.

பேட்டரி. யுபிஎஸ்ஸில் இருக்குமே, 12 வோல்ட், 7 ஆம்பியர்-மணி, செங்கல் அளவு பேட்டரி, அது போதும். பம்ப் இழுப்பது சுமார் இரண்டரை ஆம்பியர். கழுவ ஐந்து நிமிடம், இறைக்க ஐந்து நிமிடம், ஆக பத்து நிமிடத்துக்கு அரை ஆம்பியர்-மணிகூடச் செலவாகாது. பாதி சார்ஜ் வரைதான் தொடுவது என்று வைத்துக்கொண்டாலும் அவசரத்துக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் இறைக்கும் தெம்பு மிச்சம் இருக்கும். ஜிபிஎஸ், வயர்லெஸ் ஓடும் பேட்டரியில் இதை மாட்டாமல் இருப்பது புத்திசாலித்தனம். திசை காட்டும் கருவி தளம் கழுவப் போய் அணைந்தது என்று இருக்கக்கூடாது. கையால் சுற்றி ஸ்டார்ட் செய்யும் நீள்வால் டீசல் என்ஜினில் சார்ஜ் ஏறாது, ஆகவே பேட்டரியை வீட்டுக்கு எடுத்துப் போய் மொபைல் மாதிரி சார்ஜ் போடவேண்டும்.

பேட்டரியின் பாசிட்டிவ் முனைக்குப் பக்கத்திலேயே ஐந்து ஆம்பியர் ஃபியூஸ். இதைத் தவிர்ப்பவர்கள் அதிகம். பத்து ரூபாய் ஃபியூஸ் இல்லாமல் ஈர ஒயர் ஷார்ட் ஆனால், டீசல் கேன் பக்கத்தில் தீப்பொறி. ஒயர் இணைப்புகளை வெறுமனே முறுக்கி இன்சுலேஷன் டேப் சுற்றினால் உப்புக்காற்று சீக்கிரமே பச்சை பூக்க வைத்துவிடும். சால்டர் வைத்து, சூட்டில் சுருங்கும் டியூப் போட்டு, இணைப்பு பைப்பின் மேல்முனையில் தண்ணீர் தொடாத இடத்தில் இருக்கும்படி பார்த்துக்கொள்ளவேண்டும். பேட்டரியையும் ஸ்விட்சையும் மூடியுள்ள பிளாஸ்டிக் டப்பாவுக்குள் வைத்து, முனைகளில் வாசலின் தடவிவிட்டால் போதும். பேட்டரியோடு சேர்த்து எல்லாம் தோராயமாக மூவாயிரம் ரூபாய்க்குள் அடங்கவேண்டும். பேட்டரி கைவசம் இருந்தால் இன்னும் கம்மி. வருமானச் செலவா மூலதனச் செலவா என்று வகுப்பில் அடித்துக்கொள்ளும் அளவுக்குக்கூடத் தேறாத தொகை. உப்புத் தண்ணீரில் ஓடும் பம்ப்புக்கு இரண்டு வருட ஆயுள் என்று வைத்துத் தேய்மானம் போட்டாலும் ஒரு நாளைக்கு ஒரு டீக்காசு வராது.

எதிர்த்தரப்பு வாதம் ஒன்று இருக்கிறது, அதில் நியாயமும் இருக்கிறது. "ஐஸ் போடாத படகில் கழுவி என்ன பிரயோஜனம்?" உண்மைதான். முப்பது டிகிரியில் இருக்கும் பத்துக் கிலோ மீனைச் சைபருக்குக் கொண்டுவரவே மூன்றரைக் கிலோ ஐஸ் உருகவேண்டும். பெட்டி வழியாக உள்ளே வரும் சூடு தனி. சூரை, கானாங்கெளுத்தி, மத்தி மாதிரி மீன்களில் சூட்டில் கிடந்தால் ஹிஸ்டமின் உண்டாகும், அது கொதிக்க வைத்தாலும் போகாது, சாப்பிட்டவர்களுக்குத் தடிப்பும் தலைவலியும் வரும். எவ்வளவு கழுவினாலும் இதைத் தடுக்க முடியாது. கையில் காசு ஒன்றுக்குத்தான் இருக்கிறது என்றால் ஐஸ் பெட்டிதான் முதலில், சந்தேகமே வேண்டாம். கழுவும்போதும் இருபத்தெட்டு, இருபத்தொன்பது டிகிரி கடல் தண்ணீரை ஐஸ் போட்ட மீன் மேல் அடிக்கக்கூடாது, பெட்டியை மூடிவிட்டுத் தளத்தை மட்டும் கழுவவேண்டும். ஆனால் ஐஸ் பெட்டி வைத்திருக்கும் படகிலும் மீன் முதலில் விழுவது தளத்தில்தானே?

இன்னொன்றும் உண்டு. மத்தி கூட்டமாகப் பட்ட நாளில் வலையோடு அப்படியே கரைக்கு வந்து மணலில் உட்கார்ந்துதான் மீனைப் பிரிப்பார்கள். அன்றைக்கு மேலே சொன்ன ஆழ்கடல் ஐந்து நிமிடக் கணக்கு எதுவும் ஓடாது. அந்த நாட்களில் காலையில் கிளம்பிப் போகும் வழியில், அலை தாண்டி நல்ல தண்ணீர் வந்ததும் நிறுத்தி நேற்றைய அழுக்கைக் கழுவிக்கொண்டு போகலாம். காய்ந்ததைத் தேய்க்கவேண்டியிருக்கும், என்ன செய்வது.

சோப்புப் போடலாமா என்று கேட்பவர்களுக்கு: சாதாரண சோப்பு கடல் தண்ணீரில் நுரைக்காது, திரிந்து பிசுபிசுக்கும். வெந்நீரும் வேண்டாம், ரத்தத்தின் புரதம் வெந்து ஒட்டிக்கொள்ளும். ஈரமாக இருக்கும்போதே தண்ணீரும் பிரஷ்ஷும் போதும். அணியத்திலிருந்து பின்பக்கமாகத் தள்ளிக்கொண்டு வந்தால் தண்ணீர் தானே பள்ளத்துக்கு வந்துவிடும், பம்ப்பை வைக்க இடம் தேட வேண்டியதில்லை.

வீட்டுக்கு வந்ததும் ஒரு வாளி நல்ல தண்ணீரில் பம்ப்பைப் போட்டு ஒரு நிமிடம் ஓடவிட்டால் உள்ளே உப்பு உறையாது. ஆமாம், கடைசியில் அந்த வாளிக்கும் ஒரு வேலை இருக்கத்தான் செய்கிறது. சொறி மீன் சீசனில் மட்டும் கொஞ்சம் எச்சரிக்கை வேண்டும். பைப்பின் அடியில் சுற்றிய வலையில் அவை கொழகொழவென்று ஒட்டி மொத்தமாக அடைத்துவிடும். தண்ணீர் குறைந்தால் பம்ப் பழுது என்று உடனே பிரிக்க உட்காராமல், முதலில் பைப்பைத் தூக்கி அடியைப் பார்க்கவேண்டும். வெறுங்கையால் மட்டும் துடைக்கக்கூடாது, அரிப்பு இரண்டு நாளைக்கு இருக்கும்.